வர்க்கிக் கடைக்காரன் மகளுக்குப் பல்லுல கம்பி

குன்னூர்ல எங்களுக்கு ஒரு சின்ன பேக்கரி. எங்கப்பா காலத்துலருந்து வெறகு அடுப்புதான், வர்க்கிதான் மெயின், அடுக்கடுக்கா மொறுமொறுன்னு இருக்கற பிஸ்கட் மாதிரி ஒண்ணு, அப்புறம் பன்னு, ரொட்டி, தேங்கா பிஸ்கட், சாயங்காலமானா டீ. இத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்தப் பதிவு பூரா சொத்தப் பல்லப் பத்தி, அதுவும் பல்லுல கம்பி போட்ட பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு சொத்த வராம பாத்துக்கறதப் பத்தி. ஒரு வர்க்கிக்காரன் இத எழுதறது சாராயக் கடைக்காரன் கல்லீரலப் பத்தி எழுதற மாதிரி இருக்கேன்னு நீங்க நெனைக்கலாம், நெனைச்சுக்கங்க, தப்பில்ல.

பாப்பாவுக்கு அப்ப 13 வயசு, எட்டாவது படிச்சுட்டு இருந்தா. மேல கோரப்பல்லு ரெண்டும் வெளிய தள்ளி நிக்கும், கீழ்ப்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும். எங்க ஆத்தா "தெத்துப்பல்லு அழகுதானடா, பொம்பளப் புள்ள பல்ல எதுக்குடா கம்பி கட்டி இழுக்கற"ன்னு ஒரு மாசம் சண்ட போட்டுச்சு. அழகுக்குன்னு சொல்லியிருந்தா நானே யோசிச்சிருப்பேன், ஆனா ஏறி உக்காந்த பல்லு சந்துல பிரஷ்ஷு போகாது, பின்னாடி சொத்தயாகும்னு டாக்டர் சொன்னாரு, அதுக்குத்தான் சரின்னேன். இதுல என்ன கூத்துன்னா, சொத்த வரக்கூடாதுன்னு போட்ட கம்பிய சுத்தியே சொத்த ஆரம்பிச்சுருச்சு.

பொங்கல் முடிஞ்ச வாரம் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனோம். பல்ல சுத்தம் பண்ணி, நீலக் கலர்ல ஒரு ஜெல்ல தடவுனாங்க, என்னங்க டாக்டர் இதுன்னா ஆசிட்டுன்னாரு, எனக்குத் தூக்கி வாரிப்போட்டுது. சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறோமில்ல, அந்த மாதிரி பல்லுல கொஞ்சம் சொரசொரப்பு வந்தாத்தான் பிராக்கெட் ஒட்டும்னு சொன்னதுக்கப்புறம்தான் உக்காந்தேன். அப்புறம் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பொட்டு மாதிரி பிராக்கெட், அதுக்குள்ள கம்பி, கம்பி நகராம இருக்க குட்டி ரப்பரு. ரப்பர் என்ன கலர் வேணும்னு கேட்டாங்க, பாப்பா வெள்ளக் கலர் வெளிய தெரியாதுன்னு வெள்ளைய எடுத்தா, ரெண்டே நாள் சாம்பார் சாப்ட்டா, மஞ்சக் கலராயிருச்சு. மஞ்சப்பொடி புழங்கற வீடுன்னா நீலமோ பச்சையோ எடுத்துக்கங்க, இது நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டது.

கெளம்பறப்ப ஒரு பத்து நிமிஷம் எல்லாம் சொன்னாங்க, எப்படி தேய்க்கணும், எத சாப்பிடக்கூடாதுன்னு. நானும் மண்டைய மண்டைய ஆட்டுனேன். என் காதுல விழுந்தது ஒண்ணே ஒண்ணுதான், கடிக்க கஷ்டமா இருக்கறது ஆகாது, பிராக்கெட் பேந்துக்கும். சரி, முறுக்கு இல்ல, கடலமிட்டாய் இல்ல, ரோட்டோரம் விக்கற சோளக்கருது கடிக்கக்கூடாது, கேரட்டயும் பேரிக்காயயும் மெல்லிசா அரிஞ்சு பின்பல்லுல மெல்லணும். அப்ப வர்க்கி? வர்க்கி மொறுமொறுன்னு இருக்கும்தான், ஆனா எங்கூர்ல வர்க்கிய யாரு அப்படியே கடிக்கறா, டீயில முக்கி எடுத்தா பூ மாதிரி ஆயிரும். பிராக்கெட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அதனால பாப்பாவுக்கு வர்க்கிக்கு மட்டும் தடையில்லன்னு நானே தீர்ப்பு சொல்லிட்டேன்.

அப்புறம் சீசன் வந்துச்சு. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் நீலகிரில கடை வெச்சிருக்கறவனுக்கு வீடு வாசல் ஞாபகம் இருக்காது, ஊட்டில மலர்க் கண்காட்சி, எங்கூர் சிம்ஸ் பார்க்ல பழக் கண்காட்சி, மேட்டுப்பாளையம் ரோட்ல வண்டி நகராது. மாசாமாசம் கம்பி டைட் பண்ணப் போகணும், ரெண்டு மாசம் போகல. பள்ளிக்கூடம் லீவு, பாப்பா கடையிலயேதான். எங்க கடைல ஒரு தகர டப்பா இருக்கும், பாக்கெட் போடறப்ப ஒடையற வர்க்கிய எல்லாம் அதுல போட்டு வெப்போம், விக்க முடியாது, நாங்களே கொறிக்கறதுதான். அவ பாட்டுக்கு புக்கு படிச்சுட்டே அதுல கைய விட்டு கைய விட்டு எடுத்துட்டு இருப்பா, பக்கத்துல ஒரு டம்ளர் டீ, ஆறிப்போன டீயயே ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கிட்டு. குளுருக்கு எங்கூர்ல எல்லாருமே அப்படித்தான், நாளைக்கு ஆறு ஏழு டீ சாதாரணம்.

ஜூன்ல போனோம். டாக்டர் கம்பியக் கழட்டிட்டு காத்து அடிக்கற குழாய வெச்சு பல்ல ஒண்ணொண்ணா காய வெச்சாரு. எங்கிட்ட ஒரு கண்ணாடியக் குடுத்து "இதப் பாருங்க"ன்னாரு. மேல முன்பல்லு நாலுலயும் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல, சுண்ணாம்ப விரல்ல தொட்டு வளைச்சு இழுத்த மாதிரி வெள்ளையா ஒரு கோடு. எனக்கு விஷயம் புரியல பாருங்க, நான் சிரிச்சுட்டே "வெள்ளையாத்தானுங்க இருக்கு, நல்லதுதானே"ன்னேன். அவர் சிரிக்கல.

அந்த வெள்ளைதாங்க சொத்தையோட மொதப்படி. நாமெல்லாம் சொத்தன்னா கருப்பா, ஓட்டையா இருக்கும்னு நெனைச்சுட்டு இருக்கோம், பூச்சிப்பல்லுன்னே பேர் வெச்சிருக்கோம், பூச்சியும் இல்ல புழுவும் இல்ல. பல்லு மேல இருக்கற எனாமல்லருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைஞ்சு வெளிய போயிருது, மேல் தோல் அப்படியே இருக்கும், அடியில சல்லடையாயிரும், அந்த சல்லட ஓட்டைக்குள்ள வெளிச்சம் சிதறி வெள்ளையா தெரியுது. ஈரமா இருந்தா மறைஞ்சுக்கும், காஞ்சா பளிச்சுன்னு தெரியும், அதுக்குத்தான் காத்து அடிச்சுக் காட்டுனாரு. வீட்லயும் பாக்கலாம், உதட்ட தூக்கிப் புடிச்சுட்டு பஞ்சால தொடச்சு ஒரு நிமிஷம் விட்டுப் பாத்தா போதும். சரியா தேய்க்காத வாயில பிராக்கெட்ட சுத்தி இந்த மாதிரி வர்றதுக்கு நாலே வாரம் போதுமாம். நாங்க ரெண்டு மாசம் டைம் குடுத்திருக்கோம்.

இது இன்னும் ஓட்டையாகல, இப்ப நிறுத்துனா நிறுத்திரலாம், ஓட்டையாயிருச்சுன்னா பல்லு தானா மூடிக்காது, அடைக்கத்தான் வேணும்னாரு. அப்புறம் என்ன சாப்பிடறான்னு கேட்டாரு. நான் பெருமையா, மிட்டாய் சாக்லேட்டு எல்லாம் கெடையாதுங்க, எங்க வர்க்கி மட்டும்தான், அதுல சக்கர கம்மிதான்னேன்.

அன்னிக்கு எனக்கு விழுந்தது ஒரு பாடம், என் தொழில் மேலயே விழுந்தது. பல்லுல எது அதிக நேரம் ஒட்டிட்டு இருக்கும்னு கேட்டா நாம கேரமல், சாக்லேட்டுன்னு சொல்லுவோம், கைல பிசுபிசுன்னு ஒட்டறதால. ஆனா அதுங்க எச்சில்ல கரைஞ்சு எறங்கிருது. பிஸ்கட்டு, ரஸ்க்கு, சிப்ஸு மாதிரி வெந்த மாவுச் சமாச்சாரம்தான் பல்லு சந்துல அப்பிக்கிட்டு எறங்காது, மாவு கொஞ்சம் கொஞ்சமா சக்கரையா மாறிட்டே வேற இருக்கும். வர்க்கின்னா என்ன, மைதா, சக்கர, வனஸ்பதி, மடிச்சு மடிச்சு அடுப்புல வெச்சது. அத டீயில முக்குனா கூழு. மாவு காயறதுக்குன்னே செஞ்சு வெச்ச மூலை மாதிரி இருவது பிராக்கெட்டு வாய்க்குள்ள இருக்கு, அதுல நான் தினம் கூழ அப்பி விட்டிருக்கேன். பிராக்கெட்டு பேராததென்னவோ உண்மை!

அதவிட பெரிய விஷயம், எவ்வளவு சாப்பிடறோம்ங்கறதவிட எத்தன தடவ சாப்பிடறோம்ங்கறது. அமெரிக்காவுல ஸ்டீஃபன்னு ஒருத்தர் 1940கள்லயே இத அளந்து வெச்சிருக்காரு, வாய்ல குளுக்கோஸ் தண்ணிய ஊத்தி கொப்பளிக்க வெச்சு, பல்லு மேல இருக்கற படலத்துல புளிப்பு எப்படி ஏறுது எறங்குதுன்னு. சக்கர பட்ட சில நிமிஷத்துலயே கிருமிங்க அத ஆசிட்டாக்கிருது, புளிப்ப பிஹெச்னு ஒரு அளவுல சொல்றாங்க, புளிப்பு ஏற ஏற அந்த நம்பர் எறங்கும், அது 5.5க்குக் கீழ போச்சுன்னா எனாமல் கரைய ஆரம்பிக்கும், அப்புறம் எச்சில் வந்து கழுவி பழைய நெலமைக்குக் கொண்டு வர அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் ஆகும். இப்ப கணக்குப் போடுங்க. பத்து நிமிஷத்துல ரெண்டு வர்க்கியும் ஒரு டீயும் முடிச்சா ஒரு தடவ எறங்கி ஏறுது, பல்லு தாங்கிக்கும், எச்சில்ல இருக்கற கால்சியத்த எடுத்து சரி பண்ணிக்கும். அதே ரெண்டு வர்க்கிய ஒடச்சு ஒடச்சு மத்தியானம் பூரா கொறிச்சா? ஏறவே விடல. சின்ன டப்பா, கொஞ்சூண்டு துண்டு, அதுல என்ன இருக்குன்னு நெனைச்சோம்.

அன்னிக்கு சாயங்காலம் பஸ்ல திரும்பி வரும்போதுதான் அடுத்த பூதம் கெளம்புச்சு. மேட்டுப்பாளையத்துலருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு, பாப்பாவுக்கு மூணாவது வளைவுலயே வாந்தி வந்துரும், அதுக்குன்னு எங்க வீட்டம்மா எப்பவும் ஒரு பாக்கெட் புளிப்பு மிட்டாய் வெச்சிருப்பா, பர்லியார் வர்றதுக்குள்ள நாலு, காட்டேரி வர்றதுக்குள்ள இன்னும் நாலு. போறப்பவும் அதே. சக்கரையும் புளிப்பும் சேந்து ஒண்ணரை மணி நேரம் வாய்ல ஊறுது. பல்லு டாக்டரப் பாக்கப் போற வழியிலயே பல்லக் கரைச்சுட்டுப் போயிருக்கோம், மாசாமாசம், டிக்கெட் எடுத்து. அடுத்த தடவயிலருந்து இஞ்சித் துண்டு ஒண்ணு, ஜன்னல் சீட்டு, வெறும் வயித்துல போகாம ரெண்டு இட்லி. அப்படியும் வாந்தி வந்தா தண்ணி ஊத்தி நல்லா கொப்பளிக்கணும், ஒடனே பிரஷ்ஷ எடுத்துத் தேய்க்கக்கூடாது, வயித்து ஆசிட்டு பட்டு எளகிப்போன எனாமல் தேஞ்சு போயிரும், அரை மணி கழிச்சுத்தான் தேய்க்கணும். லெமன் சோடா குடிச்சாலும் இதே கததான்.

"ராத்திரி பிரஷ் பண்றியா"ன்னு டாக்டர் கேட்டதுக்கு பாப்பா நல்லா தலைய ஆட்டியிருந்தா. பஸ்ல காட்டேரி தாண்டறப்ப, மெதுவா எங்கிட்ட சாஞ்சு, "அப்பா, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது"ன்னா. சொல்லு கண்ணுன்னேன். "தண்ணி ஐஸ் மாதிரி இருக்குப்பா. ராத்திரி பிரஷ்ஷ நனைச்சு வெச்சுட்டுப் போய் போத்திப் படுத்துக்குவேன்."

திட்ட முடியலைங்க. ஏன்னா நானும் சின்ன வயசுல அதேதான் பண்ணியிருக்கேன். கீழ நாட்டுல இருக்கறவங்களுக்கு இது புரியாது, மார்கழி தையில எங்க கொழாயத் திறந்தா கை மரத்துரும், அந்தத் தண்ணிய கம்பி டைட் பண்ண பல்லுல ஊத்துனா மண்டைக்கு ஏறும். ஜூன் ஜூலை மழையிலயும் பெருசா ஒண்ணும் மாறாது. எல்லாப் பல்லு நோட்டீஸ்லயும் ராத்திரி பல்லு தேய்க்கவும்னு இருக்கும், ஒரு நோட்டீஸ்லயும் சுடுதண்ணியப் பத்தி இருக்காது. ஆனா ராத்திரிதான் முக்கியம், தூங்கறப்ப எச்சில் ஊறறது ரொம்பக் கொறைஞ்சு போயிரும், கழுவி விட ஆள் இல்ல, சந்துல இருக்கற மாவு விடிய விடிய அங்கயே இருக்கும்.

இதுக்குத் தீர்வு எங்க ஆத்தாகிட்டருந்து வந்துச்சு, அதுவும் தப்பாக் காதுல விழுந்து. கம்பி போட்ட அன்னிக்கே நர்ஸம்மா "தினமும் ஃப்ளாஸ் பண்ணணும்"னு, அதாவது பல்லு சந்துல நூல விட்டு சுத்தம் பண்ணணும்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க, வீட்ல வந்து நான் சொன்னேன், ஆத்தா "ஃப்ளாஸ்க்கா? பரண் மேல செவப்பு ஃப்ளாஸ்க் ஒண்ணு இருக்குமே"ன்னு எறக்கிக் கொண்டாந்து வெச்சுருச்சு. அன்னிக்கு வீடே சிரிச்சுது. ஜூன்ல திரும்பி வந்த ராத்திரி, பேக்கரி அடுப்பு மேல எப்பவும் கொதிச்சுட்டு இருக்கற அண்டாவுலருந்து தண்ணி எடுத்து வெளாவி, அதே செவப்பு ஃப்ளாஸ்க்ல ரொப்பி வாஷ்பேசின் பக்கத்துல வெச்சேன். அவ்வளவுதான். மிரட்டல, கெஞ்சல, அட்டவணை போட்டு டிக் அடிக்கச் சொல்லல. வெதுவெதுன்னு தண்ணி இருந்துச்சு, தேய்ச்சா. கம்பி கழட்டற வரைக்கும் தேய்ச்சா. நெசமான ஃப்ளாஸ பத்தி சொல்லணும்னா, கம்பிக்கு அடியில நூல கோத்து எடுக்கறதுக்கு ஒரு ஊசி மாதிரி பிளாஸ்டிக் தர்றாங்க, பொறுமை இருக்கறவங்களுக்கு நல்லது, எங்க பாப்பா மூணு நாள் பண்ணிட்டு விட்டுட்டா. அதுக்குப் பதிலா பாட்டில் கழுவற பிரஷ்ஷ எறும்புக்கு செஞ்ச மாதிரி குட்டியா ஒண்ணு மெடிக்கல்ல கெடைக்குது, பல்லிடுக்கு பிரஷ்ஷு, அது கம்பிக்கும் பல்லுக்கும் நடுவுல போயிட்டு வரும், அது அவளுக்குப் புடிச்சுருச்சு.

தேய்க்கற விதத்த நான் எங்க தொழில்லயே புரிஞ்சுக்கிட்டேன். வேல முடிஞ்ச ஒடனே தட்டக் கழுவுனா மாவு தண்ணியிலயே போயிரும், மறுநாள் கழுவுனா சொரண்டணும், அதுவும் நடுவுல இல்ல, மூலையில. பல்லுலயும் அதே, படலமா இருக்கறப்ப பிரஷ்ஷுக்கே வந்துரும், விட்டா எச்சில்ல இருக்கற உப்பு சேந்து காரையாயிரும், அப்புறம் டாக்டர்தான் மிஷின் வெச்சு எடுக்கணும். பிராக்கெட்டுக்கு மேல் மூலை, கீழ் மூலை, ரெண்டும் தனித்தனி. பிரஷ்ஷ சாய்ச்சுப் புடிச்சு மேலருந்து பிராக்கெட்டப் பாத்து ஒரு சுத்து, அடியிலருந்து மேல பாத்து ஒரு சுத்து, ஈறு ஓரம், உள்பக்கம். மத்தவங்களுக்கு ரெண்டு நிமிஷம்னா கம்பி போட்டவங்களுக்கு நாலஞ்சு நிமிஷம் ஆகும். பிரஷ்ஷு சீக்கிரம் விரிஞ்சுக்கும், மூணு மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், விரிஞ்சா தூக்கிப் போட்டுருங்க. விட்டது எங்கன்னு தெரியலைன்னா ஒரு மாத்திர இருக்கு, மென்னு துப்புனா அழுக்கு இருக்கற எடம் மட்டும் செவப்பாயிரும். மொத நாள் பாப்பா அத மென்னுட்டு கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சா பாருங்க, ரத்தக்காட்டேரி தோத்துது. திட்டறதவிட அந்த மாத்திரை நல்லா வேல செஞ்சுது.

ஆத்தா சும்மா இருக்குமா. "எங்க காலத்துல உப்பும் கரியும்தான், எம்பத்தஞ்சு வயசுல எத்தன பல்லு இருக்கு பாரு"ன்னுச்சு. இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது சின்ன வயசுல நாளைக்கு ஏழு டீ குடிக்கல, வர்க்கி டப்பாக்குள்ள உக்காந்திருக்கல, ராகிக் களி சாப்ட்டு வளந்துது, வாய்ல இருவது பிராக்கெட்டும் இல்ல. கரியில ஃப்ளோரைடும் கெடையாது.

ஃப்ளோரைடுன்னு சொன்னதும் எங்க மச்சான் ஞாபகம் வருது. தர்மபுரிக்காரரு. அவரு போன்ல "மாப்ள, ஃப்ளோரைடு வெஷம், புள்ளைக்கு அந்தப் பேஸ்ட்டக் குடுக்காதீங்க, எங்கூர்ல வந்து பாருங்க, ஆளுக்கு ஆள் மஞ்சப்பல்லு"ன்னு கத்துனாரு. அவர் சொல்றது பொய்யில்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்ததுக்கே அது பெரிய காரணம். குடிக்கற தண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் அளவு, வேற வழியில்லாத எடத்துல 1.5 வரைக்கும். அதத் தாண்டி வருஷக்கணக்கா குடிச்சா பல்லுல கற, இன்னும் ஜாஸ்தியானா எலும்புலயும் பிரச்சன. ஆனா அது முழுங்கறது. பேஸ்ட்டு தேய்ச்சுத் துப்பறது. நம்மூர்ல பேஸ்ட்டுல 1000 பிபிஎம் வரைக்கும் இருக்கும், அதாவது ஒரு கிலோ பேஸ்ட்டுக்கு ஒரு கிராம், டியூப் மேலயே போட்டிருக்கும், படிச்சுப் பாத்து வாங்குங்க, மூலிகைன்னு போட்டு வர்றதுல நெறய பேஸ்ட்டுல இது இருக்கறதேயில்ல. கரைஞ்சு போன எனாமல்ல கால்சியம் திரும்ப போய் உக்கார்றப்ப ஃப்ளோரைடும் கூட சேந்துச்சுன்னா, அப்புறம் 5.5 இல்ல, 4.5 பக்கம் எறங்குனாத்தான் கரையும். மச்சானுக்கு நான் சொன்னது, உப்பு அள்ளித் தின்னா செத்துப்போவோம், அதுக்காக பன்னுல உப்புப் போடாம இருக்கறேனா. அவர் ஒத்துக்கல. ஒத்துக்க மாட்டாரு, அது வேற கத.

ஒரு சின்ன விஷயம், தேய்ச்சு முடிச்சதும் நொரைய துப்பிட்டு அப்படியே விட்டுரணும், சொம்பு சொம்பா தண்ணி ஊத்தி கொப்பளிச்சா ஃப்ளோரைடு பூரா சாக்கடைக்குப் போயிரும். எங்களுக்கு இது ரொம்ப நாள் பழகல, வாய் கொப்பளிக்காம எப்படிடா படுக்கறதுன்னு இருந்துச்சு. ஃப்ளாஸ்க் தண்ணி பிரஷ் நனைக்கறதுக்கும் மொதல்ல வாய கழுவறதுக்கும்தான். அதோட டாக்டர் ஃப்ளோரைடு மவுத்வாஷ் ஒண்ணு எழுதிக் குடுத்தாரு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அதாவது பல்லு தேய்க்காத நேரமாப் பாத்து, ஊத்தி கொப்பளிச்சுத் துப்பிட்டு அரை மணி ஒண்ணும் சாப்பிடக்கூடாது. துப்பத் தெரியாத சின்னப் பசங்களுக்கு அதக் குடுக்கக்கூடாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா அவரே பல்லு மேல வார்னிஷ் மாதிரி ஒண்ணு பூசி விட்டாரு, பேரே வார்னிஷ்தான், ஃப்ளோரைடு வார்னிஷ்.

பள்ளிக்கூடத்துல மத்தியானம் பிரஷ் பண்றதெல்லாம் நடக்காதுங்க. புள்ளைங்க வெக்கப்படும், கொழா முன்னாடி க்யூ நிக்கும். பாட்டில் தண்ணிய வாய்ல ஊத்தி கம்பி சந்துல நாலு தடவ வேகமா கொப்பளிச்சுத் துப்பு, அது போதும்னு சொல்லி வெச்சேன், அத பண்ணுனா. ஹாஸ்டல் பசங்க பாடுதான் இன்னும் கஷ்டம், எங்க மலையில ஹாஸ்டல் பள்ளிக்கூடம் எத்தன இருக்கு, பாதிப் பசங்க வாயில கம்பி, வீட்லருந்து வர்ற பார்சல் பூரா சிப்ஸும் பிஸ்கட்டும், ராத்திரி கட்டில் அடியில டார்ச் அடிச்சு சாப்பிடும், யாரு ஃப்ளாஸ்க் வெப்பா. வார்டனா இருக்கறவங்க யாராச்சும் இதப் படிச்சா, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கேன் வெந்நி கொழா பக்கத்துல வெச்சுப் பாருங்க.

இதுக்கு நடுவுல ஐப்பசி மழையில மண்ணு சரிஞ்சு ரோடு மூடி ஒரு மாசம் போக முடியல, தவிட்டுப்பழம் தின்னு வெதை பூரா கம்பில சிக்கி ஈறு வீங்குச்சு, முழுப் பேரிக்காயக் கடிச்சு ஒரு பிராக்கெட்டு பேந்து கம்பி கன்னத்துல குத்திட்டு இருந்துச்சு, அதுக்கு மெழுகு வெச்சு ஓட்டுனோம். எல்லாம் வந்தது, போனது.

22 மாசம் கழிச்சு நவம்பர் கடைசில கம்பியக் கழட்டுனாங்க. நான் பல்லு நேரா இருக்கான்னு பாக்கல, அந்த வெள்ளக் கோட்டத்தான் தேடுனேன். ஜூன்ல பாத்த நாலும் இன்னும் இருந்துச்சு, பெருசாகல, புதுசா ஒண்ணும் வரல, ஓட்ட ஒண்ணு கூட இல்ல. டாக்டர் ஒடனே அதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம், கொஞ்ச மாசம் எச்சிலும் பேஸ்ட்டும் அதோட வேலையப் பாக்கட்டும்னாரு. பிராக்கெட்டு இல்லாததால பிரஷ்ஷு எல்லா எடமும் போச்சு, ஆறு மாசத்துல மூணு பல்லுல நல்லா மங்கிருச்சு, எடது பக்கம் ஒண்ணுல மட்டும் இருக்கு. வேணும்னா ரெசின்னு பிசின் மாதிரி ஒண்ண உள்ள எறக்கி மறைக்கலாமாம். பாப்பா வேண்டான்னுட்டா. "இருக்கட்டும்ப்பா, நீங்க மறந்துருவீங்க"ன்னா. இப்ப நேரான பல்லு திரும்ப நகராம இருக்க ராத்திரி மாட்டற ரிடெய்னர் ஒண்ணு இருக்கு, அதையும் கழுவணும், அதுக்கும் அந்த செவப்பு ஃப்ளாஸ்க்தான். ரிடெய்னருக்கு மட்டும் சூடு தண்ணி ஆகாது, பிளாஸ்டிக் நெளிஞ்சுக்கும், ஃப்ளாஸ்க் தண்ணிய ஆற வெச்சுத்தான் கழுவணும்.

கடைல ஒடஞ்ச வர்க்கி டப்பா இருந்த எடத்துல இப்ப கல்லாப் பொட்டி இருக்கு. ஒடஞ்சத பாக்கெட் போட்டு கம்மி வெலைக்குக் குடுத்துடறேன். சாயங்காலம் நாலு மணிக்கு பள்ளிக்கூடத்துப் பசங்க கூட்டமா வருவாங்க, கம்பி போட்ட பசங்க அஞ்சாறு பேரு எப்பவும் இருக்கும், பாத்தாலே தெரியும், உதட்ட மூடிட்டு சிரிக்கும். நான் வர்க்கி இல்லன்னு சொல்றதில்ல, என் பொழப்பு அது. வாங்குனத இங்கயே உக்காந்து தின்னு முடிச்சுட்டுப் போ, பையில போட்டு வழியெல்லாம் கொறிக்காதன்னு சொல்வேன், போறப்ப ஒரு டம்ளர் வெந்நி, கடைக்கு வெளிய கொப்பளிச்சுத் துப்பச் சொல்லி. மொதல்ல பசங்க கிண்டல் பண்ணுனாங்க, இப்ப கேட்டே வாங்குறாங்க, குளுருக்கு வெந்நின்னா யாருக்குத்தான் கசக்கும்.

போன வாரம் ஒருத்தன் வந்தான், பத்தாவது இருக்கும், புதுசா கம்பி போட்டிருக்கான், பச்ச ரப்பரு. "அண்ணா, பல்லு டாக்டர் சக்கர ஆகாதுன்னுட்டாரு, சக்கர இல்லாம ஒரு டீ"ன்னான். போட்டுக் குடுத்தேன். அதுல நாலு வர்க்கிய ஒண்ணொண்ணா முக்கி ஆற அமர சாப்ட்டான். நான் ஒண்ணும் சொல்லல. வெந்நி டம்ளர அவன் முன்னாடி வெச்சுட்டு, கூட ஒரு டம்ளர் சேத்து வெச்சேன்.